எழுபத்தேழாம் எண் பெண்ணின் முகம்

ஹெப்சிபாவின் பிழைப்பு, செத்துப்போனவர்களை நடக்க வைப்பது.

தொலைக்காட்சியில் வரலாற்று ஆவணப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேராசிரியர் பேசி முடித்ததும் பழைய துறைமுகம் ஒன்று எழுந்து நிற்குமே, சந்தையில் கூட்டம் நெருக்கியடிக்குமே, அதையெல்லாம் கணினியில் செய்கிற ஆட்களில் அவளும் ஒருத்தி. எந்த நிறுவனத்திலும் சம்பளக்காரி இல்லை. படத்துக்குப் படம் ஒப்பந்தம். சென்னையில், கொளத்தூரில் மூன்றாவது மாடி வீட்டின் கூடம்தான் வேலையிடம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பாட்டு மேசையை யாருக்கோ கொடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு பெரிய திரைகளை வைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஒன்று பேச்சளவில் வந்து பேச்சளவிலேயே நின்றது. இப்போது நாற்பத்து நாலு வயது. சில வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை வாயைத் திறக்க அவசியமே வராது. வெள்ளிக்கிழமை யாராவது கூப்பிட்டால் முதல் வார்த்தை கரகரவென்று வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொல்வாள்.

அன்றும் அப்படித்தான் செருமிக்கொண்டாள். கூப்பிட்டது ரியாஸ். அவளுக்குப் பாதிப் படங்களைக் கொண்டுவந்து தருகிற தயாரிப்பாளர்.

"கூத்தம்பாறை அணை, ஹெப்சி. எண்பது வருஷத்துக்கு முன்னாடி கட்டுறப்ப, தண்ணிய மறிச்சு வச்சிருந்த மண்கரை ஒடஞ்சு, விடியக்காலைல கூலிக்காரங்க முகாம் மொத்தமும் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. நூத்தி நாப்பத்து மூணு பேரு. எல்லாரையும் காணலன்னு எழுதிக் கதைய முடிச்சிட்டாங்க."

"போட்டோ?"

"ஒண்ணு கூடக் கெடையாது. கூலிப் பதிவேடு ஒண்ணு இருக்கு. பேரு, வயசு, உயரம், தழும்பு. கைரேகை மட்டும் அழகா இருக்கு."

"அப்ப மீள்முகம் போட்டுத்தான் பண்ணணும்."

"ஆமா. சொந்தக்காரங்கள்ல நூத்திப் பன்னெண்டு பேரோட வழியில ஆள் கெடச்சிருக்காங்க. மரபணு வங்கியில மாதிரி குடுத்தாச்சு. மிச்சம் முப்பத்தொண்ணு முட்டை."

மீள்முகம் என்பது ஒரு மென்பொருள். உயிரோடு இருக்கும் வாரிசின் எச்சிலிலிருந்து மரபணுவை எடுத்து, பாட்டன் பூட்டன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடும். பதிவேட்டில் இருக்கும் உயரத்தையும் தழும்பையும் சேர்த்துக்கொண்டு முகத்தைத் தந்துவிடும். வாரிசு இல்லாதவர்களுக்கு முகம் கிடையாது. கற்பனையாகவும் போடக்கூடாது. பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு படத்தில் பழைய காலத்துக் கொலைகாரன் ஒருவனுக்குக் குத்துமதிப்பாக ஒரு முகத்தை வைக்க, அதே சாயலில் இருந்த பால்காரர் ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துப் போட்டது. அதற்குப் பிறகு சட்டம் வந்தது. ஆதாரம் இல்லாத முகத்தை வழவழவென்று, கண் மூக்கு இல்லாமல் விட்டுவிட வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் முட்டை. இன்ன மாதிரி இன்ன ஆளின் வழியில் வந்தது என்று உறுதி செய்து கையெழுத்திடும் உரிமம் தமிழ்நாட்டில் இருபது முப்பது பேருக்குத்தான் உண்டு. ஹெப்சிபாவிடம் இருந்தது.

நான்கு மாதம் அந்த முகாமில் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கல் சுமந்தவர்கள், மண் வெட்டியவர்கள், அடுப்பு மூட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் நடையைக் கொடுத்து, கூடையைத் தூக்கும் விதத்தைக் கொடுத்து, வெயிலில் கண்ணைச் சுருக்க வைத்து, திரையில் அவர்கள் மத்தியானக் கஞ்சிக்கு உட்காரும்போது இவளும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். பழகப் பழக நூற்றுப் பன்னிரண்டு முகங்களும் அக்கம்பக்கத்தார் மாதிரி ஆகிவிட்டன. ஆனால் அவள் கண் போனதெல்லாம் எழுபத்தேழாம் எண்ணிடம்தான்.

பதிவேட்டில் இரண்டே வரி. "பாவாயி. வயது 24. கல் சுமப்பு. உயரம் நாலடி பத்து அங்குலம். இடது புருவத்தின் மேல் தழும்பு. உடன் இருப்போர்: யாருமில்லை."

மற்ற முப்பது முட்டைகளுக்கும் கூட யாராவது இருந்தார்கள். புருஷன், தங்கை, ஒரே ஊர்க்காரன். பாவாயிக்கு மட்டும்தான் அந்தச் சொல். கூட்டத்தில் எங்கே நிற்க வைத்தாலும் அவள் தனியாகத்தான் தெரிந்தாள். வரிசையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும் காட்சி ஒன்று, பதினோரு வினாடி. திரும்பும்போது அங்கே முகம் இல்லை. நாளுக்கு இருபது தடவை அந்த வழவழப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது.

படத்தை ஒப்படைக்க ஐந்து நாள் இருக்கையில் ஹெப்சிபா அதைச் செய்தாள். கருவியைச் சரிபார்ப்பதற்காக உரிமக்காரர்கள் எல்லோரும் தங்கள் சொந்த மாதிரியை வங்கியில் வைத்திருப்பார்கள். அவள் தன் மாதிரியை எடுத்து எழுபத்தேழின் எதிரே போட்டாள். உறவு என்ற கட்டத்தில் "மகன் வழிப் பேத்தி" என்று எழுதினாள். கீழே கையெழுத்திட்டாள்.  

இருபது நிமிடத்தில் முகம் வந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இல்லை. எப்போதோ பார்த்து மறந்த சித்தி ஒருத்தியைப் போல இருந்தது. தாடை இவளுடையது. மூக்கும் இவளுடையதுதான். தண்ணீர் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாவாயி திரும்பிப் பார்த்தாள். நீ எனக்கு யாரோ, நான் உனக்கு யாரோ என்றில்லாமல் பார்த்த மாதிரி இருந்தது. ஹெப்சிபா வெகுநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்ச வேலையைப் பார்த்தாள்.

படம் ஒளிபரப்பானது. பத்திரிகைகள் நல்லபடியாக எழுதின. அந்தப் பதினோரு வினாடியை எடுத்து விளம்பரத்துக்கும் போட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"வணக்கமுங்க. நான் பவானியில இருந்து மாரப்பன் பேசறனுங்க. ஈபில லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். டிவிக்காரங்கதான் உங்க நம்பரக் குடுத்தாங்க. அந்த அணைப் படத்துல பொம்மை செஞ்சவங்க நீங்கதானுங்களே?"

"ஆமாங்க ஐயா, சொல்லுங்க."

"அதுல தண்ணி குடிக்குதே ஒரு பொம்பள, பாவாயின்னு பேரு போட்டு. அது எங்கம்மாளுங்க. ஆனா மூஞ்சி எங்கம்மா மூஞ்சி இல்லீங்க, அம்மணி."



அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா அந்த வெள்ளத்தில் சாகவில்லை. ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையை மாரோடு கட்டிக்கொண்டு கரையேறி, நடந்தே பவானி வந்து சேர்ந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்த்தாள். அவருக்கு ஒன்பது வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். கூத்தம்பாறை என்ற பெயரை அவள் வாயால் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறார். படம் வந்த பிறகுதான் வங்கி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. ஈரோட்டுக்குப் போய் எச்சில் கொடுத்தார்.

"பதில் வந்துதுங்க. பாவாயிக்கு வாரிசு ஏற்கெனவே பதிவாயிருக்குது, உங்க மாதிரி அதோட ஒத்துப் போகல, அதனால நீங்க உறவு இல்லேன்னு. எனக்கு எம்பத்தியொரு வயசாச்சுங்க. சண்டைக்குக் கூப்புடல. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அந்த வாரிசு யாருங்க? மகன் வழிப் பேத்தின்னு போட்டிருக்குது. அப்ப எனக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்திருக்கோணுமில்ல? சம்சாரம் போயிருச்சுங்க. மகன் ஆஸ்திரேலியாவுல. அம்மா வழியில எனக்குன்னு ஒருத்தரும் இல்லேன்னுதான் இத்தன வருசமா இருந்தேன். நீங்க பேரு மட்டும் சொன்னீங்கன்னா நான் போயி பாத்துக்குவேன்."

"விசாரிச்சுச் சொல்றேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா இணைப்பைத் துண்டித்தாள்.

ரியாஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். 

"உன் சொந்த மாதிரியவா போட்ட?"

"ம்."

"ஏன் ஹெப்சி?"

 "யாருமில்லன்னு எழுதியிருந்தாங்க" என்றாள்.

"சரி, கேளு. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெரியவருக்கு, வாரிசு விவரம் தரக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடு. அது உண்மையும்கூட. ஒத்துக்கிட்டேன்னா உரிமம் போகும். நீ கையெழுத்துப் போட்ட பழைய படம் அத்தனையும் தோண்டுவாங்க. இந்த வேலைய விட்டா நீ என்ன பண்ணுவ?"

"தெரியல."

"அப்ப பேசாம இரு."

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தாள். அது அவளுக்குப் பழக்கமான காரியம். ஆனால் பெரியவரின் கேள்வி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. தனக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவள் ஒரு பொய்யை எழுதினாள். அந்தப் பொய் எண்பத்தோரு வயது மனிதருக்கு இல்லாத அண்ணன் ஒருவனைப் பிறப்பித்து, இருந்த தாயைப் பறித்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் உரிமம் தருகிற வாரியத்துக்கு எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. தன் மாதிரியை நீக்கிவிட்டு மாரப்பனுடையதை எழுபத்தேழோடு மறுபடி ஒப்பிடும்படி கேட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. உரிமம் ரத்து. அதை எதிர்பார்த்திருந்தாள். இணைப்பில் ஒப்பீட்டு முடிவு இருந்தது. அதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

மாரப்பன் பாவாயியின் மகன் இல்லை.

இந்த முறை பதிவேட்டில் உள்ள எல்லோருடைய வழியோடும் ஒப்பிட்டிருந்தார்கள்; வேறொரு இடத்தில் அவருடைய மாதிரி அச்சாகப் பொருந்தியிருந்தது. பதிவேட்டின் நாற்பத்தோராம் எண் ராக்கியண்ணன், நாற்பத்திரண்டாம் எண் செல்லாயி. ஒரே வெள்ளத்தில் காணாமல் போன புருஷனும் மனைவியும். முன்பே மாதிரி கொடுத்திருந்த செல்லாயியின் தங்கை வழிப் பேரப்பிள்ளைகள் தர்மபுரியில் இருந்தார்கள். ராக்கியண்ணனின் தம்பி பேரன் ஓசூரில். செல்லாயியின் பெயருக்கு நேரே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்ததை ஹெப்சிபா நான்கு மாதத்தில் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். "கைக்குழந்தை ஒன்று."

அடித்துக்கொண்டு போன வெள்ளத்தில் யாருடைய குழந்தையோ கையில் அகப்பட, பாவாயி அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையிடமும் சொல்லவில்லை.

பெரியவருக்கு இரண்டு வரிக் கடிதம் பத்து நாளில் தபாலில் போகும் என்று வாரியம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஹெப்சிபா மறுநாளே ரயில் ஏறினாள். சென்னையை விட்டு அவள் வெளியே போய் மூன்று வருடமாகியிருந்தது.

பவானியில் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டும்போது காலை பதினோரு மணி. திறந்தவர் வேட்டியும் முண்டா பனியனுமாக, வயதுக்கு மீறிய நிமிர்வோடு இருந்தார். அவளை ஏறிட்டுப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"அந்த மூஞ்சி" என்றார். "நீதானா அது? எங்கண்ணன் மகளா நீ? வா சாமி, உள்ள வா. ஏன் வெளிய நிக்கற?"

வழியெல்லாம் அவள் தயாரித்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. அவர் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சொம்பில் மோர் கொண்டுவந்தார். "உங்கப்பன் இருக்கறானா?" என்று கேட்டார்.

"ஐயா, நான் உங்க அண்ணன் மகள் இல்ல" என்றாள் ஹெப்சிபா. மோரைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு அண்ணனே கிடையாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முட்டை என்ற சொல்லைக்கூட விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. தன் மாதிரியை வைத்து முகம் செய்ததைச் சொன்னபோது தலையை மட்டும் ஒரு முறை ஆட்டினார். செல்லாயியின் கதைக்கு வந்தபோது அவளுடைய படத்தை நீட்டினாள். ஆவணப்படத்தில் வந்த முகம்தான். இருபது வயதுப் பெண், அகலமான நெற்றி, சிரிக்கப் போவது மாதிரி உதடு.

மாரப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல மூஞ்சிதான்" என்றார். "எம்பட நெத்தி. எம் மகன் நெத்தியும் இதான். பாவம், எத்தன சின்ன வயசு." படத்தை மேசைமேல் கவிழ்க்காமல், மரியாதையாக நிமிர்த்தி வைத்தார். "ஆனா இந்தம்மாள எனக்குத் தெரியாதுங்களே."

மறுபடியும் 'ங்க' வந்துவிட்டதை ஹெப்சிபா கவனித்தாள்.

"தர்மபுரியில உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க ஐயா. ஓசூர்லயும். போன்ல பேசுனேன், உங்களப் பாக்கணும்னு சொன்னாங்க."

"வரட்டுங்க. நல்லபடியா வரட்டும்." அவர் கையைத் திருப்பி மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "எங்கம்மா தூங்கறப்ப எங்கையையும் அவ கையையும் சேலக் கிழிசல்ல சேத்துக் கட்டிக்குவா. ஆத்துப் பக்கம் போகவே உடமாட்டா. எல்லா ஆத்தாளும் அப்படித்தான் பண்ணுவாங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன். இப்பத்தான் தெரியுது, அவளுக்கு என்ன பயம்னு."

மேசைமேல் இருந்த படத்தை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார். 

"அப்ப எங்கம்மாளுக்கு வாரிசு இல்லீங்களா?"

"ரத்த வழியில இல்லீங்க."

"படத்துல?"

"மாத்திட்டாங்க. இனிமே போடுறதுல அவங்களுக்கு முகம் இருக்காது."

"அது செரிதான். பொய்ய எடுத்துத்தான ஆகோணும்." அவளைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா அம்மணி, எனக்குள்ள இருந்து அத எப்படீங்க எடுப்பீங்க?"

அவளுக்குப் புரியவில்லை.

"போட்டோ இல்லீங்க எங்கம்மாளுக்கு. எழுவத்திரண்டு வருசம் நெனப்புலயே வெச்சிருந்தேன். கண்ண மூடுனா வந்துரும். கொஞ்சம் மங்கலாத்தான், ஆனா வந்துரும். உங்க படத்தப் பாத்த அன்னைக்கு, இது எங்கம்மா இல்லேன்னு அடிச்சுச் சொன்னேன். விளம்பரம் ஓடுறப்பெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் கழிச்சுக் கண்ண மூடுறேன், உங்க பொம்மை வருது. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் பாக்குது. அதுக்குப் பின்னால இருந்தவ போயிட்டாளுங்க. எத்தன கூப்புட்டாலும் வரமாட்டேங்கறா. இது இல்லேங்கறது மட்டும் தெரியுது. எதுன்னு தெரியல."

ஹெப்சிபா எழுந்து நின்றாள். போய்விட வேண்டும் என்று எழுந்தாளா, காலில் விழ எழுந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. இரண்டையும் செய்யாமல் நின்றாள். பதினாறு வருடத்தில் அவள் எத்தனையோ முகங்களைச் செய்திருக்கிறாள். போட்ட முகம் இன்னொருவர் தலைக்குள் போய் எதை மிதித்துவிட்டு உட்காரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"என்னப் பாருங்க ஐயா" என்றாள் கடைசியில்.

"என்னுங்க?"

"அந்தப் பொம்மை என் முகந்தான். இல்லேங்கறது உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்கல்ல? எது எது இல்லேன்னு சொல்லுங்க. இங்க வெளிச்சத்துல உக்காந்து பாத்துச் சொல்லுங்க."

பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தாள். மடிக்கணினியைத் தொடவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அவர் தயங்கினார். ஒரு பெண்ணை இப்படி உற்றுப் பார்க்கக் கூச்சப்பட்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"தாவாக்கட்ட இப்படி இல்லீங்க. உங்களுக்குக் கூர்ரா இருக்குது. அவளுக்கு உருண்ட."

அவள் வரைந்தாள். அழித்தாள். வரைந்தாள்.

"இன்னுங் கொஞ்சம். ஆமா. அவ்வளவுதான். உதடு, கீழது கொஞ்சம் தடிப்பு. வெத்தல போடமாட்டா, ஆனா போட்ட மாதிரி இருக்கும். பல்லு ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும், இந்தப் பக்கம். இல்லீங்க, வலது. எம்பட வலது. ம், அதான்." அவர் குரல் வேகம் பிடித்தது. "கன்னத்துல சத இருக்காது. காது தொங்கும், ஓட்ட பெருசா. ஒண்ணும் போட்டிருக்கமாட்டா. நான் வெரல உட்டு இழுப்பேன். வலிக்குது உடுறாம்பா."

மத்தியானமாயிற்று. எதிர் வீட்டுப் பெண் அவருக்குத் தினமும் கொண்டுவரும் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பேர் இப்படி உட்கார்ந்திருப்பதை வினோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள். இருவரும் அதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். மறுபடியும் உட்கார்ந்தார்கள். இத்தனை நேரம் யாரும் ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக இது இல்லை, இது இல்லை என்று அவர் விலக்கிக்கொண்டே போக, காகிதத்தில் வேறொருத்தி பாதி வந்து நின்றாள்.

மூக்குக்கு வந்தபோது அவர் நின்றார்.

"மூக்கு" என்றார். கண்ணை மூடினார். திறந்தார். "உங்களுது இல்ல. அது தெரியுது." மறுபடி மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். "இல்லீங்க. வரல. கண்ணும் வரல."

"பரவால்ல ஐயா. கொஞ்சம் கழிச்சுப் பாக்கலாம். இல்லன்னா இந்தத் தாடைக்கும் கன்னத்துக்கும் பொருந்தற மாதிரி மூணு நாலு விதமா போட்டுக் காட்டுறேன். பாத்தா உங்களுக்கே நெனப்பு வரலாம்."

அவர் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தாடையும், தடித்த உதடும், ஏறிய பல்லும், தொங்கும் காதும் இருந்த அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மிச்சத்த நீங்க போடாதீங்க, அம்மணி" என்றார்.